முதல்நன்மைப் படம்

...அந்த ஒரு "ஓம்" மட்டும் வாயிலிருந்து வராமல் இருந்திருந்தால், இல்லையக்கா சும்மா கேட்டனான் என்று சொல்லிப் போனை வைத்திருந்தால், இப்போது இந்தப் போன் மடியில் கிடந்து இப்படித் துடிக்காது, காலையிலிருந்து இது நாலாவது தடவை, கிறேஸ் அக்கா, கிறேஸ் அக்கா என்று திரையில் பெயர் வந்து வந்து போகிறது, கத்தரின் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பஸ்ஸின் யன்னலைப் பார்த்தாள், கண்ணாடியின் வெளிப்புறம் முழுக்க உப்பும் சேறும், மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் தெரு அதற்குப் பின்னால் கலங்கிப்போய் ஓடியது. மூன்று இருபது. ஐந்து மணிக்குள் ரொறன்ரோ ஏஜென்சிக்காரிக்குப் பதில் எழுத வேண்டும், ஓமா இல்லையா, இரண்டே சொல்தான், அதற்கு மேல் கருமுட்டை தர வந்த பெண்ணின் கோவையைப் பிடித்துவைக்க முடியாது, வேறு ஒரு சோடி காத்திருக்கிறது என்று அவள் எழுதியிருந்தாள், எவ்வளவு மரியாதையான எழுத்து, எவ்வளவு அன்பு, அன்புக்குள்ளே ஒரு மணிக்கூடு. நாற்பத்துமூன்று வயதில் கத்தரினுக்கு இனிச் சொந்தமாகக் கருமுட்டை இல்லை, இருப்பதும் உதவாது, மூன்று தடவை ஊசி போட்டு, மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் ஒன்றுமாகாமல், கடைசியில் டொக்டர் தன் கதிரையை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்து உட்கார்ந்து சொன்னார், வேறு ஒரு பெண்ணின் கருமுட்டை, உங்கள் கணவருடைய விந்து, உங்களுடைய வயிறு, இப்படி ஒரு வழி இருக்கிறது என்று. டொக்டர்மார் மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தால் நல்ல செய்தி இல்லை, ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் சத்திரசிகிச்சை ஆயுதங்கள் கழுவுகிறவளுக்கு அது தெரியாதா. அன்றைக்கு அவள் அழவில்லை. வரும் வழியில் பழக்கடைக்குப் போய் மாதுளம்பழம் வாங்கினாள், ஏன் மாதுளை, இன்றைக்கும் தெரியாது.

ஒரு கிழவி குடையை விரித்தபடியே பஸ்ஸில் ஏறினாள், சாரதி பிரெஞ்சில் ஏதோ சொன்னான், கிழவி இன்னும் கூடுதலாகச் சொன்னாள், இரண்டு பேர் சிரித்தார்கள். கத்தரின் கால்களை ஒடுக்கிக்கொண்டாள். முதலில் இங்கே டவுன்டவுனில் இருக்கிற ஏஜென்சிக்குத்தான் போனார்கள், அவளும் ஞானேந்திரனும், கலியாணவீட்டுக்குப் போகிற மாதிரி உடுத்துக்கொண்டு, அவன் அந்தச் சாம்பல் கோட்டை எத்தனையோ வருடத்துக்குப் பிறகு எடுத்துப் போட்டிருந்தான், தோளில் சூட்கேஸ் மணம். அங்கே ஒரு கெபெக் பெண் இரண்டு கிளாசில் தண்ணீர் வைத்தாள், பெரிய திரையைத் திருப்பினாள், உறையவைத்த கருமுட்டைகள், வெளிநாட்டு வங்கியிலிருந்து வருபவை, முந்நூற்றுச் சொச்சம் பெண்கள், கண் என்ன நிறம், தலைமயிர் என்ன நிறம், உயரம், படிப்பு, இடதுகையா வலதுகையா, ஒவ்வொன்றாக அமத்த அமத்த முந்நூறு இருநூறாகி இருபதாகி, தெற்காசியா என்று அமத்தியவுடன் நாலாகி நின்றது. நாலு பேரில் தமிழ் ஒருவரும் இல்லை. ஞானேந்திரன் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான், "உம்மைப் பெண் பாக்க வந்த அண்டைக்கு எங்கட வீட்டுக்காரர் இவ்வளவு கேக்கேல்லையப்பா. நிறம் கேட்டவை, ஊர் கேட்டவை, அவ்வளவுதான்." அவளுக்குச் சிரிப்பு வந்தது, அந்த அறையில் சிரித்தது சரியா என்று இன்னும் யோசிக்கிறாள். பிறகு ஒரு படிவம், தோற்றத்தில் எந்த அம்சம் உங்களுக்கு முக்கியம் என்று ஒரு கேள்வி, கத்தரின் பேனாவை எடுத்து, காது, என்று எழுதினாள். கெபெக் பெண் அதை வாசித்துவிட்டு, மன்னிக்க வேண்டும், காதா, என்று கேட்டாள். ஓம், காது. கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிற காது. அப்படி ஒரு வசதி திரையில் இல்லை என்று அந்தப் பெண் உண்மையாகவே கவலைப்பட்டாள். ஞானேந்திரன் தண்ணீரைக் குடித்தான், அவனுக்குத் தெரியும், அது ஹென்றியின் காது. தம்பி. இரண்டாயிரத்து ஒன்பதில் இருபத்திரண்டு வயது, யுத்தம் முடிகிற நேரம், பங்குனி மாதம் கடைசியாகக் கண்டவர்கள் புதுமாத்தளன் பக்கம் என்றார்கள், அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை, இறந்தான் என்று சொல்லவும் ஆளில்லை. அம்மாவுக்கும் அதே காதுதான், அவவும் போய்விட்டா. கத்தரினுக்கும் அதே காது, தொப்பி போட்டால் மடங்கி நோகும். ஞானேந்திரனின் பக்கம் பிள்ளையில் வரும், மூக்கோ முழியோ கோபமோ ஏதோ ஒன்று வரும், அவனுக்கு அண்ணன்மாரின் பிள்ளைகளும் ஏழு பேர் இருக்கிறார்கள், அவளுடைய பக்கத்துக்கு... அவளுடைய பக்கம் அவளோடு சரி. இதை யாரிடம் சொல்வது, சொன்னால் காது என்ன பெரிய காது என்பார்கள், நல்ல சுகமான பிள்ளை கிடைத்தால் போதாதா என்பார்கள், போதும்தான், யார் இல்லையென்றது.

ரொறன்ரோ ஏஜென்சி வேறு மாதிரி. அங்கே வங்கி இல்லை, உயிரோடு நடமாடுகிற பெண்கள், தானாக முன்வந்தவர்கள், நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும், பெயரில்லாமல், அதை அந்தப் பெண் வாசிப்பாள், பிடித்தால் சம்மதிப்பாள். கத்தரின் அந்தக் கடிதத்தை மூன்று ஞாயிற்றுக்கிழமை எழுதினாள், நான் ஒரு ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை ஆயுதங்களைச் சுத்தமாக்குகிறேன், என் கணவர் சமையல்காரர், வீட்டில் அவர் சமைப்பதில்லை, நான் முன்பு ஞாயிறுகளில் கோயிலின் நிலக்கீழ் அறையில் சின்னப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்தேன், இப்போது படிப்பிப்பதில்லை. ஏன் இப்போது படிப்பிப்பதில்லை என்று எழுதி, வெட்டி, திரும்ப எழுதி, வெட்டினாள். போன வியாழன் ரொறன்ரோக்காரி ஒரே ஒரு கோவை அனுப்பினாள், எங்களிடம் இருக்கிற ஒரேயொரு இலங்கைத் தமிழ்ப் பெண், இருபத்தேழு வயது, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டாள், அவளுக்குச் சம்மதம். வளர்ந்த படம் காட்டமாட்டார்கள், சின்ன வயதுப் படம் மட்டும். கத்தரின் ஆஸ்பத்திரிச் சாப்பாட்டு அறையில் இருந்து போனில் அதைத் திறந்தாள். வெள்ளைச் சட்டை, தலையில் வலை, கையில் மெழுகுதிரி, முன்பல் இரண்டும் இல்லாமல் ஒரு சிரிப்பு, முதல்தடவை நற்கருணை வாங்குகிற நாளில் எடுத்த முதல்நன்மைப் படம். சுற்றி நின்றவர்களையெல்லாம் ஏஜென்சி வெட்டியிருந்தது, ஒழுங்காகத்தான் வெட்டியிருந்தது, தோளில் இருந்த ஒரு கையை மட்டும் வெட்ட முடியவில்லை, வெட்டினால் பிள்ளையின் தோளும் போய்விடும், அதனால் விட்டுவிட்டார்கள், மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை, பெருவிரலடியில் எண்ணெய் தெறித்த தழும்பு. முதலில் கத்தரின் அந்தப் பிள்ளையை அடையாளம் காணவில்லை. கையைத்தான் கண்டாள். சூப்புக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் கையை மேசையில் விரித்துப் பார்த்தாள், பார்க்கத் தேவையே இல்லை, பத்தொன்பது வருடத்துக்கு முந்தின தன் கை, அப்போது இருபத்துநாலு வயது, விரல்கள் இன்னும் மெல்லியவை, தழும்பு மட்டும் அப்படியே.

அந்த வருடம் மறைக்கல்வி வகுப்பில் பதினொரு பிள்ளைகள், எட்டு வயதுக்காரர், பிரெஞ்சில் சண்டை பிடித்துத் தமிழில் கோள் சொல்லுவார்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒத்திகை பார்க்கிறபோது ஒவ்வொருவரும் தங்கள் பாவங்களைத் துண்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னாள், மறக்காமல் இருக்க. ஒருத்தி மட்டும் வெறுந்துண்டோடு நின்றாள், தேடிப் பார்த்தேன் ரீச்சர், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருக்காது, வடிவாகத் தேடு. ஐந்து நிமிடம் கழித்து ஒன்று கொண்டுவந்தாள், தம்பியின் பென்சிலை முறித்தேன் என்று. உனக்குத் தம்பி இல்லையே பிள்ளை. "நிரோஜாவிட்டைக் கேட்டு வாங்கினனான் ரீச்சர். அவளிட்டை ஆறு பாவம் கிடந்தது." அந்தப் பிள்ளைதான். றொஷினி. கிறேஸ் அக்காவின் மூத்தவள். கத்தரின் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து சுவாமியார் எட்டிப் பார்த்தார். பெயரை மறைத்தால் ஆளை மறைத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள் இந்த ஏஜென்சிக்காரர்கள், பாவம், அவர்களுக்கு எங்கள் சனத்தைத் தெரியாது, பெயர் எங்களுக்கு எதற்கு, தாயின் தகப்பன் மீன்பிடித் தொழில், அறுபத்தொரு வயதில் மாரடைப்பு, தாய் வயோதிபர் இல்லத்தில் வேலை, பிறந்தது மொன்றியலில், ஒரேயொரு தங்கச்சி, இவ்வளவும் கோவையில் கிடக்கிறது, எங்கள் ஊர் பாசையூரில் பிறந்த எந்தக் குருடிக்கும் இது போதும், கத்தரினுக்குப் படமே தேவைப்பட்டிருக்காது. ஆளை அறிய முயலமாட்டேன் என்று கையெழுத்து வைத்திருக்கிறாள், நாலாம் பக்கம், நீல மையில். முயலவில்லைத்தான். தானாக வந்து தெரிந்தது. ஆனால் நேற்றுப் பின்னேரம் கிறேஸ் அக்காவுக்குப் போன் எடுத்தது? அது தானாக வந்ததா?

நிச்சயப்படுத்தத்தான் எடுத்தேன் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள், நேற்றும் சொன்னாள், இப்போதும். நோய் வருத்தம் ஏதும் இருக்கிறதா, தாய் வழியில் சலரோகம் எழுதியிருக்கிறது, அந்தச் சீனி வருத்தம் எத்தனை வயதில்... ஒரு தாய் கேட்க வேண்டிய கேள்விகள்தானே. "ஆர், எங்கட கத்தரின் ரீச்சரோ? என்னடி பிள்ளை, கோயிலிலை கண்டாலும் பின்வாங்கிலை இருந்திட்டு ஓடிப்போடுறாய், நன்மை எடுக்கவும் வாறேல்லை, சுவாமியாரோடை ஏதும் கோவமோ?" கிறேஸ் அக்கா எப்போதும் இப்படித்தான், வாசலிலேயே மூன்று கேள்வி. அதைச் சிரித்து மழுப்பி, கால்வலியை விசாரித்து, மெதுவாக, மூத்தவள் இப்ப எங்கையக்கா, என்ன செய்யிறாள் என்று கேட்டாள் கத்தரின், எவ்வளவு உயரம் வந்திட்டாள், கண்ணாடி போடுறாளோ, சின்னனிலை மூச்சு இழுப்பு இருந்ததே அது இப்ப எப்படி, உங்களுக்குச் சலரோகம் எத்தினை வயதிலை வந்தது. மறுபக்கம் தண்ணீர்ப் பைப்பை மூடுகிற சத்தம். பிறகு கதவு சாத்துகிற சத்தம். கிறேஸ் அக்காவின் குரல் அறைக்குள் வந்துவிட்டது, இறங்கிவிட்டது, இதுவரைக்கும் கத்தரின் கேட்டிராத ஒரு மரியாதை அதில் ஏறிவிட்டது, "ஏன் பிள்ளை கேக்கிறீர்? ஏதும் இடம் வந்திருக்கோ?" அப்போதுதான் கத்தரினுக்குத் தான் என்ன செய்துவிட்டாள் என்று உறைத்தது. இருபத்தேழு வயதுப் பெண்ணின் தாய்க்குப் போன் எடுத்து உயரமும் வருத்தமும் விசாரித்தால் எங்கள் சனத்தில் அதற்கு ஒரு பொருள்தான், வேறு பொருள் கிடையாது, கிறேஸ் அக்கா என்ன, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், அவளே அப்படித்தான் நினைத்திருப்பாள். இல்லையென்று சொல்ல வாயெடுத்து, இல்லையென்றால் பிறகு எதற்குக் கேட்டாய் என்று வருமே என்று பயந்து, ஓம் என்றாள். அந்த ஓம். "பெடியன் ஆர்? இஞ்சையோ, ரொறன்ரோவோ? வேதக்காரர்தானே?" பேந்து சொல்லுறனக்கா. "சரி சரி, கேக்கேல்லை. ரீச்சர் நீர் ஒரு இடம் சொன்னால் எனக்கு யோசிக்க ஒண்டுமில்லை. அவளுக்கு உம்மிலை எவ்வளவு விருப்பமெண்டு தெரியுமே? பல்லு விழுந்த அந்தப் படத்தை இன்னும் வைச்சிருக்கிறாள்." அதற்குப் பிறகு இருபது நிமிடம், கிறேஸ் அக்கா மகளை விரித்து விரித்துக் காட்டினாள், இரத்தம் என்ன வகை என்பதுவரை, மாதாமாதம் நாள் தவறாமல் வரும் பிள்ளை, ஒரு மருந்துக் குளிசை போட்டறியாள்... கத்தரின் சமையலறை நிலத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்க வந்ததெல்லாம் கிடைத்தது. கேட்காததும் கிடைத்தது.

பஸ் மலையேறியது. இடப்பக்கம் மயானத்தின் இரும்புவேலி, உள்ளே இன்னும் உருகாத பனி, சிலுவைகளின் தோள்வரைக்கும். இன்று காலை வேலைக்கு வெளிக்கிடுகிறபோது ஞானேந்திரனிடம் றொஷினியையும் அந்த ஓமையும் சொன்னாள், அவன் முகம் மழித்துக்கொண்டிருந்தான், ஒரு பக்கம் நுரை. முதலில் சிரித்தான், "அப்ப இனிப் பெடியனுக்கு எங்கையப்பா போறது? என்ரை கடைசி அண்ணையின்ரை மகன் றூபன் சும்மாதான் இருக்கிறான், கேட்டுப்பாப்பமே?" அவள் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திவிட்டான். கண்ணாடியைப் பார்த்தபடி, "தெரிஞ்ச ஆள் வேண்டாம் கத்தரின். இஞ்சத்தைய ஏஜென்சியிலை அந்த நாலு பேரிலை ஒராளை எடுப்பம். ஆரெண்டு தெரியாட்டி நிம்மதி," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆனா உமக்கு எது மனதுக்குச் சரியோ அதுதான்." உமக்கு எது சரியோ. ஐந்து வருடமாக இதைத்தான் சொல்கிறான், ஊசி போடுவமோ விடுவமோ, உமக்கு எது சரியோ, இன்னொருதரம் பாப்பமோ, உமக்கு எது சரியோ, நல்லவன், ஊசிக்குப் பிறகு ஒத்தடம் கொடுப்பான், அழுதால் பக்கத்தில் இருப்பான், ஆனால் முடிவு என்ற அந்தப் பாரமான சட்டியின் ஒரு காதை மட்டும் பிடித்துத் தூக்கமாட்டான். அவனைக் குறை சொல்லி என்ன. தன்னுடைய விந்து போகிறது, தன்னுடைய பக்கம் பிழைக்கிறது, அதனால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறானோ, அதுவும் ஒரு மரியாதையோ...

எடுத்தால் என்ன நடக்கும்? றொஷினியின் கோவைக்கு ஓம் என்று எழுதினால்? பிள்ளை பிறக்கும், பிறக்கும் என்று வைத்துக்கொள்வோம், ஞானஸ்நானத்துக்கு அதே கோயில், கீழே அதே மண்டபம், ரோல்ஸ், வட்டிலப்பம், கிறேஸ் அக்கா கால்வலியோடு மேசைமேசையாக வந்து பிள்ளையை வாங்கித் தூக்கி, தாடையைப் பிடித்து, ஆரைப்போலையடா இருக்கிறாய் நீ என்று கொஞ்சுவாள். ஆரைப்போல. கொஞ்சுகிறவளின் முகமே அந்தப் பிள்ளையில் இருக்கும், அவளுக்குத் தெரியாது, கத்தரினுக்குத் தெரியும், றொஷினிக்கு? அவளுக்குத் தெரியுமா? கடிதத்தை வாசித்திருக்கிறாளே, ஆயுதம் கழுவுகிறவள், நிலக்கீழ் அறை, மறைக்கல்வி... தெரிந்துதான் சம்மதித்தாளா, தெரியாமலா? தெரியாமல் என்றால் அது களவு. தெரிந்து என்றால்... தெரிந்து என்றால் அது என்ன? இரக்கமா? பாவம் ரீச்சர் என்றா? பத்தொன்பது வருடத்துக்கு முதல் தோளில் வைத்த கைக்கு இவ்வளவு கூலியா? அந்த நாலு பேரில் ஒருத்தி என்றால் இதொன்றும் இல்லை, கொல்கத்தாவிலோ எங்கோ ஒருத்தி, அவளுக்கும் நல்லதே நடக்கட்டும், பிள்ளை யாரைப் போல என்று கேட்டால் தகப்பனைப் போல என்று சொல்லிவிட்டுப் போகலாம், யாரும் எண்ணிப் பார்க்கமாட்டார்கள். நிம்மதி. பிறகு ஏன் அந்த நாலு பேரையும் ஒரு நிமிடத்தில் மூடிவைத்தாள், பல் விழுந்த சிரிப்பை மட்டும் ஏன் மூடவே முடியவில்லை? அந்தப் பிள்ளையின் காது வலைக்குள்ளே இருந்தது, தெரியவில்லை, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், தெரியவில்லை, பைத்தியம், அவளுக்கு எப்படி ஹென்றியின் காது வரும், பாசையூர் என்றாலும் அவர்கள் வேறு குடும்பம். முந்நூறு பேரிலும் வராது. உலகத்தில் எந்த ஏஜென்சியிலும் வராது. அதைத் தேடித்தான் இரண்டு மாதமாகக் கோவை கோவையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாளா? தம்பியையா? பஸ் குலுங்கி இறங்கத் தொடங்கியது, பக்கத்தில் நின்ற மாணவன் மன்னிக்கும்படி பிரெஞ்சில் சொன்னான், அவன் என்ன செய்தான் என்றே அவளுக்குத் தெரியவில்லை, பரவாயில்லை என்றாள்.

டவுன்டவுனில் இறங்கி, ஞானேந்திரன் வேலை செய்கிற றெஸ்ரோரன்ற்றின் பின்சந்துக்கு வந்தபோது நாலு ஆக ஐந்து நிமிடம். நாலு மணிக்கு அவனுக்குக் காலாறும் நேரம். சமையலறைக் கதவடியில் பால்பெட்டிகள் அடுக்கியிருந்தன, ஒன்றைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள், கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. போன் மறுபடி. ஐந்தாவது. இதற்கு மேல் எடுக்காமல் விட்டால் அது பாவம், இது கடன் வாங்கத் தேவையில்லாத சொந்தப் பாவம் என்று நினைத்துக்கொண்டு எடுத்தாள்.

"பிள்ளை, வேலையிலையோ? குழப்பிறனோ?"

"இல்லையக்கா, சொல்லுங்கோ."

"காலமை அவளோடை கதைச்சனான். ஒளிச்சு வைக்க எனக்குத் தெரியாது, சொல்லிப்போட்டன், கத்தரின் ரீச்சர் உன்னை விசாரிச்சவா எண்டு. கொஞ்சநேரம் பேச்சுமூச்சில்லை. நான் லைன் அறுந்துபோட்டுதெண்டு நினைச்சு ஹலோ ஹலோ எண்டு கத்திறன். பேந்து சொல்லுறாள், 'அம்மா, ரீச்சர் கேட்டது கலியாணத்துக்கில்லை.' பேந்தென்னத்துக்கடி எண்டன். 'அது எனக்குத் தெரியும், உங்களுக்கு இப்ப சொல்லேலாது, ரீச்சரைப் பயப்பிட வேண்டாமெண்டு சொல்லுங்கோ' எண்டிட்டு வைச்சிட்டாள். என்ன பிள்ளை இது? ரெண்டுபேரும் சேந்து என்னை விசரியாக்கிறியளோ?"

கத்தரின் கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள். தெரியும். அவளுக்குத் தெரியும், கடிதம் வாசித்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது, தெரிந்துகொண்டுதான்.

"கத்தரின்." கிறேஸ் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "நீர் ஆஸ்பத்திரியிலை வேலை செய்யிறனீர். இழுப்புக் கேட்டீர், சலரோகம் கேட்டீர். என்ரை பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ? உம்மட்டை மட்டும் சொன்னவளோ? சொல்லும் பிள்ளை, நான் தாங்குவன்."

"ஐயோ இல்லையக்கா. மாதாவாணை இல்லை. அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தங்கமான பிள்ளையக்கா அவள்."

"அப்ப ஏன் நீர் அழுறீர்?"

அழுகிறோமா என்று கத்தரின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பேந்து எடுக்கிறனக்கா, நானே எடுக்கிறன், சத்தியமா எடுக்கிறன் என்று சொல்லி வைத்துவிட்டாள். என்ன சொல்லப் போகிறாள்? அது றொஷினி சொல்ல வேண்டிய விசயம், கத்தரினுடையதல்ல. ஆனால் அந்த மனுசி இப்போது அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் இருந்து மகளின் உடம்பில் இல்லாத நோயையெல்லாம் ஒவ்வொன்றாக யோசிக்கப் போகிறாள், இரவு ஆகிறவரைக்கும், அதைச் செய்தது யார்? நிச்சயப்படுத்தத்தான் எடுத்தேன். அப்படியா? கையையும் தழும்பையும் கண்ட பிறகு என்ன நிச்சயம் வேண்டியிருந்தது? வேண்டியிருந்தது வேறு. கிறேஸ் அக்கா எப்படியும் மணந்து பிடிப்பாள், சத்தம் போடுவாள், என்ரை பிள்ளையைத் தொடாதே என்பாள், எல்லாம் குலைந்துபோகும், குலைந்தது நானில்லை என்று வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், அதுதானா? இதைப்பற்றிக் கேட்கச் சுவாமியாரிடம் போனதும் அதற்குத்தானே, அது திருச்சபை ஒத்துக்கொள்ளாத வழி மகள் என்று அவர் சொல்வார் என்று, அவர் அதைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உமக்காக மன்றாடுறன் என்றார், அதுவும் உதவவில்லை. யாராவது வேண்டாம் என்று சொல்லட்டும் என்று எத்தனை பேரின் வாசலில் போய் நின்றிருக்கிறாள். ஒருவரைத் தேர்ந்தெடுக்காத வரைக்கும் ஒன்றும் முடியவில்லை, மற்றவளுடைய முட்டை என்று ஒன்று உள்ளே வராத வரைக்கும் தன்னுடைய பக்கம் போகவில்லை, காணாமல் போன ஹென்றிக்குச் சாவுப்பத்திரம் எடுக்காமல் அம்மா கடைசிவரை இருந்தாவே, அதுபோல.

கதவு திறந்தது. வெங்காயமும் வெண்ணெயும் கலந்த சூடு வெளியே வந்தது, அதோடு ஞானேந்திரன், ஏப்ரன் நனைந்து, முழங்கை வரைக்கும் கை சிவந்து. அவளைப் பார்த்தான். இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுப் பக்கத்தில் இருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், றொஷினிக்குத் தெரியும் என்பதை, கிறேஸ் அக்கா பயந்துபோயிருப்பதை, தான் எதற்குப் போன் எடுத்தாள் என்பதைக்கூட, அது சொற்களாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, வந்தது. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து யாரோ பிரெஞ்சில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள், இரண்டாம் தரமும் கூப்பிட்டார்கள், அவன் அசையவில்லை. சந்தின் முனையில் ஒரு லொறி பின்னுக்கு வந்து நின்று, ஆட்கள் இறங்கி, பெட்டிகள் இறக்கி, லொறி போய்விட்டது.

"சரியப்பா," என்றான் கடைசியில். "வேண்டாமெண்டு எழுதிவிடுவம். அவளுக்கும். இஞ்சத்தைய ஏஜென்சிக்கும். ரெண்டுக்கும் வேண்டாம். பட்டது காணும். நீர் களைச்சுப்போனீர்." ஏப்ரனில் திரும்பத் திரும்பக் கையைத் துடைத்தான். "நான் சொல்லுறன். இந்தமுறை நான் சொல்லுறன், உம்மிலை பழி வேண்டாம். போனைத் தாரும், நான் எழுதுறன்."

ஐந்து வருடமாக அவள் காத்திருந்த சொல். இவ்வளவு சின்னதாக, இவ்வளவு அன்பாக, பால்பெட்டியில் இருந்தபடி. அவன் கையை நீட்டினான், வெங்காயம் மணக்கிற, நன்கு கழுவிய கை. மணி நாலு முப்பத்தைந்து. கொடுத்துவிட்டால் முடிந்தது, எழுந்து இருவருமாகத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம், நாளைக்குக் கிறேஸ் அக்காவிடம் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லலாம், பெடியன் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள் என்று. எவ்வளவு சுகம். கொடு, என்று அவள் தனக்குச் சொன்னாள். கொடேன். ஆனால் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடியே இருக்கிறாள், பிடி இறுகுகிறது, அவன் நீட்டிய கையை மடக்காமல் அவள் முகத்தையே பார்க்கிறான், என்னத்தை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், முடிந்துபோனதையா, இன்னும் தொடங்காததையா... தெரியவில்லை, ஆனால் வேண்டாம் என்ற சொல்லை இன்னொருவர் வாயால் கேட்ட பிறகுதான் தெரிகிறது, அது தனக்கு வேண்டியிருந்த சொல் அல்ல.